இன்னாசிமுத்துவின் வியர்வையை ருசி பார்த்தவர்கள்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது ஜெசிந்தாதான், இன்னாசிமுத்துவின் மனைவி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், சாம்பல் புதன் கழிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் நாங்கள் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒன்றைக் காலில் மாட்டிக்கொண்டு மற்றதைக் கையில் பிடித்தபடி, "அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு மூணு நாளா பீரா வேர்க்குது" என்றாள். பால் திரிந்துபோச்சு என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். நானும் பால் திரிந்ததைக் கேட்பவள் மாதிரி, "காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டேன்.

"காய்ச்சல் இல்லக்கா. நுரை இருக்கு."

பெங்களூரில் ரயில்வே கேட்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் கிராஸ் தெருவில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் கீழ்வீடு என்னுடையது, மேல்வீடு அவர்களுடையது. அவள் பின்னாலேயே படியேறிப் போனேன். இன்னாசி கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் பனியனோடு, லுங்கியை முழங்காலுக்கு மேலே மடித்துக்கொண்டு, இரண்டு காலையும் துணி ஊறவைக்கிற பேசினுக்குள் வைத்து உட்கார்ந்திருந்தார். நெற்றியிலிருந்தும் கழுத்திலிருந்தும் இறங்கிய வேர்வை கலங்கல் மஞ்சளாக, பழைய சாமந்தி ஊறின தண்ணீர் நிறத்தில், காறையெலும்புக் குழியில் தேங்கி, அங்கே வெள்ளையாக நுரைத்து, பிறகு கை வழியாக ஓடி முழங்கை முனையிலிருந்து பேசினுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. வாசனையை என்னவென்று சொல்ல? மாம்பழத்தோலைப் பாலித்தீன் பையில் கட்டி மூன்று நாள் கழித்து அவிழ்த்தால் வருமே, அது. அதோடு தரை துடைக்கிற மருந்து. அதற்கு அடியில் பூனை ஒன்று மூலையில் வந்து போயிருக்கிற மாதிரி ஒரு காரம். "வாங்கக்கா, உட்காருங்க" என்று அவர் சிரித்தார். மூக்கை மூடவில்லை என்று சொல்லத்தான் ஆசை. மூடினேன், சேலைத் தலைப்பால், ஜெபமாலை பிடித்திருந்த அதே கையால்.

மெயின் ரோட்டில் பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற கடை ஒன்று இருந்தது. அதில் பதினோரு வருஷமாக இன்னாசிக்கு வேலை, ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிற ஸ்டீல் டாங்குகளுக்குள் இறங்கிக் கழுவுவது. வேளாங்கண்ணியில் நேர்ந்துகொண்ட நாளிலிருந்து ஒரு சொட்டுக் குடிக்காத மனுஷன். எதனால் வந்தது என்று தெருவில் யாரும் அதிகம் விசாரிக்கவில்லை, ஒருவருக்குச் சர்க்கரை வருகிறது, ஒருவருக்கு மூட்டுவலி வருகிறது, இவருக்கு இது வந்திருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். கிளினிக்கில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்த தண்ணீரும் மறுநாள் பீராக வந்தது.

தெரு அதைத் தனக்குள் சேர்த்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இரண்டாம் வாரமே படிக்கட்டு முழுக்கப் பழ ஈ மொய்த்தது, எல்லோரும் ஊதிக்கொண்டே ஏறினோம், ஊதிக்கொண்டே இறங்கினோம். ஜெசிந்தா பேசின் தண்ணீரைக் கொட்டிய இடத்தை நக்கின தெருநாய்கள் மூன்றும் மத்தியானம் முழுவதும் ஆட்டோவுக்குக்கூட எழுந்திரிக்காமல் தூங்கின. ஒரு கான்ஸ்டபிள் வந்து, முகர்ந்து பார்த்து, லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டு, வேர்ப்பதற்கு லைசென்ஸ் கொடுக்கிற ஆபீஸ் எது என்று ஜெசிந்தா திருப்பிக் கேட்டதும், நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். ஜெபக்குழுப் பெண்களில் ஒருத்தி மஞ்சள் கறை போக எலுமிச்சை நல்லதா வினிகர் நல்லதா என்று பேசினாள், இன்னொருத்தி, குடிக்கிற தன் புருஷனுக்கு அருவருப்பு வந்து குடியை விட்டுவிடுவான் என்று நம்பி, இன்னாசியின் கைக்குட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள். அவன் அதைப் பிழிந்து குடித்துவிட்டு இன்னொன்று கேட்டானாம். தவக்காலமாயிற்றே, இது பாவமா என்று பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டோம். அவர், "வேர்ப்பது பாவமில்லை, அது அவர் கையில் இல்லை. நக்குகிறவர்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு வரட்டும்" என்றார்.

நக்குகிறவர்களைக் கூட்டிவந்தது நான்தான். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

என் பெரிய மகள் ஓசூரில் இருக்கிறாள், இளையவன் டெரன்ஸ் என்னோடு. கம்ப்யூட்டர் வேலை, முப்பத்து நாலு வயசு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவனுக்கு ஒரு சங்கம் உண்டு, ஏழெட்டுப் பேர் கூடி விதவிதமான பீரைக் குட்டிக் கண்ணாடிகளில் ஊற்றி, முகர்ந்து, வாயில் கொப்பளித்து, அதைப்பற்றிப் பேசுவார்கள். குடித்து விழுகிற கூட்டமில்லை, பேசுகிற கூட்டம். ஜெசிந்தா சொன்ன அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில், ரசம் ஊற்றும்போது, "மேல்வீட்டு இன்னாசி பாவம்டா, இப்படி ஆயிருச்சு, நீயும் ஒரு அருள்நிறை சொல்லி வேண்டிக்கோ" என்றேன். அவன் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டான்.

"என்ன ஸ்டைல் மம்மி?"

"என்ன ஸ்டைல்னா?"

"கலங்கலா வருதா, தெளிவா வருதா? கசப்பா, பழ வாசமா?"

"டேய், ஒரு மனுஷன் உருகிக்கிட்டிருக்கார்."

"அது சரி மம்மி. வாசம் எப்படி?"

தெரியாத்தனமாக மாம்பழத்தோல் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு ஏழு பேர் என் வாசலைத் தாண்டி மேலே ஏறினார்கள், ஒவ்வொருத்தர் கையிலும் துணி சுற்றின ஒரு குட்டிக் கண்ணாடி.

அவர்கள் சண்டை என்னவென்று புரிய, எனக்குப் புரிந்த அளவு சொல்கிறேன். ஹாப்ஸ் என்று ஒரு கொடி, அதன் பச்சைப் பூவைக் காயவைத்துப் பொடித்து மாத்திரை மாதிரி உருட்டி வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறார்கள். காய்ச்சும்போது கொதியில் போட்டால் கசப்பு இறங்கும். காய்ச்சி, ஆறி, புளித்து முடிந்த பிறகு குளிர்ச்சியில் சும்மா ஊறப்போட்டால் கசப்பு வராது, மணம் மட்டும் ஏறும், அந்தப் பின்னால் போடுகிற வேலைக்கு ட்ரை ஹாப்பிங் என்று பேர். ஹாப்ஸ் மிதமிஞ்சிப் போட்ட பீர்தான் ஐபிஏ. கொதியில் போட்ட கசப்புதான் ஐபிஏ என்று ஒரு கட்சி, ஊறப்போட்ட மணம்தான் ஐபிஏ என்று இன்னொரு கட்சி. கசப்புக் கட்சிக்குத் தலைவர் சந்திரமௌலி, ஒரு கம்பெனியில் மேனேஜர், தாடியை எண்ணெய் போட்டுச் சீவியிருப்பார். மணக் கட்சிக்குத் தலைவன், எனக்குச் சொல்லவே நாக்கூசுகிறது, நான் பெற்றவன்.

முதல் நாள் அவர்கள் கொஞ்சம் தயங்கத்தான் செய்தார்கள். ஜெசிந்தா வீட்டில் இன்னாசி உட்கார்ந்திருந்தது போக பிளாஸ்டிக் நாற்காலி நாலுதான் இருந்தது, மூன்று பேர் கட்டிலில் உட்கார்ந்தார்கள். பிறகு சந்திரமௌலி எழுந்து, "எக்ஸ்க்யூஸ் மீ இன்னாசி சார்" என்று சொல்லி அவர் முழங்கைக்குக் கீழே கண்ணாடியைப் பிடித்து, நாலு சொட்டு விழும்வரை நின்று, வெளிச்சத்துக்குக் காட்டி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, உறிஞ்சினார். நான் சுவரில் இருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"ட்ரை ஹாப். சந்தேகமே இல்ல" என்றார். "கசப்பு எங்கய்யா? இது ஐபிஏ இல்ல, ஜூஸ். குழந்தைப் புள்ளைங்களுக்குக் குடுக்கலாம்."

"உனக்கு நாக்கு செத்துப்போச்சு மௌலி" என்றான் என் மகன், இன்னாசியின் காதுக்குப் பின்னால் இருந்த நுரையை ஸ்பூனால் வழித்துக்கொண்டே. "மாம்பழம் இருக்கு, கொய்யா இருக்கு, பின்னால லேசா பூனை மூத்திரம் இருக்கு. நல்ல ஹாப்ஸுக்கு அதுதான் அடையாளம்."

"பூனை மூத்திரம் எனக்கும் வருது. அது பெருமையா?"

"பெருமைதான்."

வைஷாலி என்று கூட்டத்தில் ஒரே ஒரு பெண், அவள் நுனிநாக்கில் தொட்டுவிட்டுத் துப்பினாள். "எனக்கு எந்த ஐபிஏவும் ஆகாது. வேப்பிலைக் கஷாயத்துல ஷாம்பு ஊத்தின மாதிரி இருக்கு. எத்தனை வருஷமா சொல்றேன், கோதுமை பீர் குடிங்கப்பா, நிம்மதியா இருங்கன்னு."

"அப்புறம் எதுக்கு வந்த?"

"ஆகாதுன்னு சொல்லத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். இன்னாசியும் சிரித்தார், சிரிக்கும்போது வயிறு குலுங்கி இன்னும் கொஞ்சம் சொட்டியது, ஏழு கண்ணாடியும் ஒன்றாகக் கீழே போயின.

அவர் சந்தோஷம்தான் எங்களுக்குப் பெரிய சோதனையாகப் போயிற்று. பதினோரு வருஷம் டாங்குக்குள் இறங்கின மனுஷனை அந்தக் கடையில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, "டேய் இன்னாசி, மூணாம் நம்பர் கழுவியாச்சா" என்பதைத் தவிர. இப்போது மேனேஜர்கள் வந்து சார் என்கிறார்கள், நேற்று என்ன சாப்பிட்டீர்கள், தூங்கினீர்களா என்று கேட்கிறார்கள், கறிக்குழம்பு சாப்பிட்டால் மணம் கூடுகிறதா, மோர் குடித்தால் கலங்கல் குறைகிறதா என்று எழுதிக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் வெள்ளைப் பனியன் எடுத்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். பூசைக்கு வருவது நின்றது. ஜெசிந்தா கதவைச் சாத்தப் போனால், "விடு ஜெசி, படிச்சவங்க, ஆராய்ச்சி பண்றாங்க" என்பார்.

ஆராய்ச்சி நடக்க நடக்க ஆள் குறைந்துகொண்டே வந்தார். எழுபத்தெட்டுக் கிலோ இருந்தவர் தவக்காலத்தின் மூன்றாம் வாரம் அறுபத்தொன்று, நாலாம் வாரம் ஐம்பத்து மூன்று. கன்னம் உள்ளே போய், தோள் சட்டை மாட்டுகிற ஹேங்கர் மாதிரி ஆகி, பெல்ட்டுக்கு ஜெசிந்தா ஆணியைச் சுட வைத்துப் புதிது புதிதாக ஓட்டை போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கையை நீட்டிக்கொண்டிருக்கும்போது கல்யாண மோதிரம் விரலிலிருந்து நழுவி நேராக சந்திரமௌலியின் கண்ணாடிக்குள் விழுந்தது. அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? மோதிரத்தை விரலால் எடுத்து, உதறி, ஜெசிந்தாவிடம் நீட்டிவிட்டு, மிச்சத்தை உறிஞ்சி, "லேசா ஒரு உலோக வாசம் வந்துச்சு, இப்பதான் காரணம் புரியுது" என்றார்.

அன்றைக்கு ஜெசிந்தா கீழே வந்து என் அடுப்படியில் நின்று அழுதாள். "அக்கா, இன்னும் ரெண்டு வாரத்துல இவர் இருக்கமாட்டார். ஒரு பேசின் தண்ணிதான் இருக்கும். அதையும் ருசி பார்ப்பாங்க. உங்க மகன்கிட்ட சொல்லுங்கக்கா, அவன் சொன்னா கேட்பாங்க."

சொன்னேன். டெரன்ஸ் பொறுமையாகத்தான் கேட்டான். கெட்ட பிள்ளை இல்லை, எறும்பை மிதிக்காமல் நடக்கிற பையன், அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. "மம்மி, நாங்களா அவரை வேர்க்கவைக்கிறோம்? தானா வருது. நாங்க வரலைன்னாலும் வடிஞ்சு சாக்கடைக்குத்தான் போகப்போகுது" என்றான். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, "எப்படியும் இந்த ஞாயிறோட ஒரு முடிவு தெரிஞ்சிரும்" என்றான்.

முடிவு என்று அவன் சொன்னது இன்னாசியின் முடிவை இல்லை, அவர்கள் வாக்குவாதத்தின் முடிவை. ஊறப்போட்டால் மணம் ஏறுமே தவிர வேறு கெடுதல் வராது என்று இவனும், வரும் என்று சந்திரமௌலியும் ஐந்து வாரம் அடித்துக்கொண்டு, கடைசியில் அவரையே ஊறப்போட்டுப் பார்ப்பது என்று ஒத்துக்கொண்டார்கள். குருத்து ஞாயிறு அன்றைக்கு, நாங்கள் எல்லோரும் குருத்தோலை பிடித்துக்கொண்டு பவனி போயிருந்த நேரத்தில், நீலப் பிளாஸ்டிக் டிரம் ஒன்றையும் நாலு மூட்டை ஐஸையும் மேலே ஏற்றியிருக்கிறார்கள். நாங்கள் திரும்பி வந்தபோது இன்னாசி குளியலறையில் டிரம்முக்குள் கழுத்தளவு ஐஸ் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் மல் துணிப்பை இரண்டு, நிறைய ஹாப்ஸ் அடைத்து, ஒரே கயிற்றின் இரண்டு முனையில் கட்டி, ஒன்று நெஞ்சில் ஒன்று முதுகில். பார்த்ததும் எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. கார்மேல் மாதாவின் உத்தரியத் துண்டுகளைத்தான் நாங்கள் அப்படிப் போட்டுக்கொள்வோம், நெஞ்சில் ஒன்று முதுகில் ஒன்று.

"குளுருதா தம்பி?" என்றேன்.

"கொஞ்சமாத்தான்க்கா" என்றார், பல் தந்தியடிக்க. "நாளைக்குச் சாயங்காலம்வரை சூடு ஏறக்கூடாதாம். ஏறினா மணம் போயிருமாம். சார் சொல்றார்." சார் என்று அவர் கைகாட்டியது என் மகனை.

சங்கத்தார் முறைபோட்டுக் காவல் இருந்தார்கள். ஜெசிந்தா கையைப் பிடித்து இழுத்தும் அவர் வெளியே வரவில்லை. "ஒரு நாள்தானே ஜெசி, எனக்காகப் பொறுத்துக்கோ" என்று கெஞ்சினாராம்.

அவர்கள் செய்த பிழை மறுநாள் காலையில் தெரிந்தது. புளிப்பு நன்றாக அடங்கின பிறகுதான் ஹாப்ஸை ஊறப்போட வேண்டுமாம், அடங்காமல் போட்டால் அந்தப் பச்சைப் பூவே தூங்குகிற புளிப்பை எழுப்பி மறுபடியும் பொங்கவைத்துவிடும், பாட்டிலாக இருந்தால் வெடிக்கும். டாங்கில் அதற்குப் பார்க்கிற கருவி உண்டு, மனுஷனில் எதை வைத்துப் பார்ப்பது? திங்கட்கிழமை பத்து மணிக்கு ஜெசிந்தா கத்தின சத்தத்துக்கு நான் ஏறிப்போனபோது, ஐம்பது கிலோவாய் ஒடுங்கியிருந்த இன்னாசி ஊதிப்போய் டிரம்மை நிறைத்துக்கொண்டு நின்றார். கன்னம் பலூன், கண் ரெண்டும் வெளியே தள்ளி, உதடு நீலம், வாயைத் திறந்தால் பேச்சு வராமல் விக்கலும் நுரையுமாக வந்தது. உடம்புக்குள் என்னவோ கொதிக்கிற சத்தம், கதவுக்கு வெளியே நின்றாலே கேட்டது. குளியலறை வாசலில் நின்றுகொண்டு அந்த ஏழு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அடங்கலைன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் சந்திரமௌலி. "உன் ட்ரை ஹாப்பிங்கோட லட்சணம் இதுதான்."

"அடங்கிருச்சுன்னு ருசி பார்த்துச் சொன்னதே நீதானே!"

"நான் சொன்னது நெத்தி வேர்வையை. நீ அக்குளைப் பார்த்திருக்கணும்."

"ஏம்ப்பா, யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கப்பா" என்றாள் வைஷாலி. அவள் ஒருத்திதான் அன்றைக்குக் கண்ணாடி கொண்டுவராதவள்.

"கூப்பிட்டு என்னன்னு சொல்றது? இன்னும் ரெண்டு மூட்டை ஐஸ் போட்டா அடங்கிரும்."

சந்திரமௌலி அப்போதும் குனிந்து டிரம் விளிம்பில் வழிந்ததை ஏந்திக்கொண்டிருந்தார். நான் வாழ்க்கையில் கழுவாத அசிங்கமில்லை, பிள்ளைகளுடையது, படுத்தபடுக்கையாய்க் கிடந்த மாமியாருடையது, எதற்கும் முகம் சுளித்ததில்லை. அந்தக் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் முதல்முறை தொண்டைவரை வந்தது.

ஜெசிந்தா யாரையும் பார்க்கவில்லை. சேலையை வரிந்து செருகிக்கொண்டு, "அக்கா, கால் பக்கம் பிடிங்க" என்றாள். டிரம்மைச் சாய்த்தோம். ஐஸும் தண்ணீரும் நுரையும் வீடு முழுக்க ஓடின. அவர் கணுக்காலைப் பிடித்தேன், வழுவழுவென்று, இரண்டு முறை கை நழுவியது. உள்ளே தூக்கம் கெட்ட தேன்கூடு மாதிரி உடம்பு அதிர்ந்தது. மொட்டைமாடிக்குப் பன்னிரண்டு படி. குளிரில் விறைத்துப்போன மனுஷனை வெயிலில் போட்டு உடம்பைச் சூடாக்கவேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு யோசனை இல்லை. மூன்றாம் படியில் டெரன்ஸ் ஓடிவந்து, மேல் படியில் ஏறி, இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தான்.

"மம்மி! வெயில் ஆகாது! வெயில் பட்டா கெட்டுப்போயிரும்!"

"எதுடா கெட்டுப்போகும்?"

"ஹாப்ஸ் போட்டது வெயில் தாங்காது மம்மி, கால் மணி நேரத்துல நாறிப்போயிரும், அப்புறம் யாரும் வாயில வைக்கமுடியாது!"

ஜெசிந்தா அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் பெற்றவன் வாயிலிருந்தே எங்களுக்கு வழி கிடைத்தது. வாயில் வைக்கமுடியாது. ஐந்து வாரமாக நாங்கள் ஜெபம் பண்ணிக் கேட்டுக்கொண்டிருந்தது வேறென்ன?

"கெடட்டும்" என்றேன். "தள்ளுடா."

முப்பத்து நாலு வருஷத்தில் அவனிடம் நான் தள்ளு என்று சொன்னதில்லை. விலகினான்.

மொட்டைமாடியில் சின்டெக்ஸ் டாங்குக்குப் பக்கத்தில், நிழலே இல்லாத இடத்தில், பழைய பாயை விரித்து அவரைக் கிடத்தி, கழுத்துப் பைகளை ஜெசிந்தா அறுத்து எறிந்தாள். ஏப்ரல் மாதத்துப் பதினொரு மணி வெயில். முதலில் ஒன்றும் ஆகவில்லை, ஜெசிந்தா அவர் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், நான் துக்க தேவரகசியம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெபமாலையில் இரண்டாவது பத்து மணி உருண்டு முடிவதற்குள் வாசனை திரும்பியது. மாம்பழம் போயிற்று, கொய்யா போயிற்று, பூனைகூடப் போயிற்று, அவை இருந்த இடத்திலிருந்து எரிகிற டயரும், அலமாரிக்குப் பின்னால் செத்துப்போன எலியும், மூடி திறந்த சாக்கடையும் ஒன்றாய்ப் பிசைந்த மாதிரி ஒரு நாற்றம் கிளம்பி, மொட்டைமாடியை நிறைத்து, படிக்கட்டில் இறங்கி, கிராஸ் முழுக்கப் பரவியது. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். பழ ஈக்கள் கறுப்புத் துணியை உதறினதுபோல ஒரே கூட்டமாக எழுந்து போய்விட்டன. அப்போது இன்னாசி வாயைத் திறந்து ஓர் ஏப்பம் விட்டார். அது எவ்வளவு நேரம் நீடித்தது என்று கேட்டால், நான் ஒரு விசுவாசப் பிரமாணம் முழுதும் சொல்லி முடித்தேன், அப்போதும் அது முடியவில்லை. கோயில் மணிக்கூண்டுப் புறாக்கள் எல்லாம் கலைந்து பறந்தன. ஏப்பம் முடிந்தபோது வீக்கம் வடிந்து, அவர் எலும்பும் தோலுமாக, ஆனால் மனுஷ நிறத்தில் கிடந்தார்.

சங்கத்தார் மொட்டைமாடிக் கதவுவரைதான் வந்தார்கள். சந்திரமௌலி கர்ச்சீப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு, "ச்சே, பாழாக்கிட்டாங்க" என்றார், அதற்குமேல் பேச முடியாமல் படியிலேயே வாந்தி எடுத்தார். ஐந்து வாரம் ஒரு மனுஷன் வேர்வையைச் சப்புக்கொட்டினவருக்கு அன்றைக்குத்தான் அருவருப்பு வந்தது. ஒருத்தர் பின்னால் ஒருத்தராக இறங்கினார்கள், என் மகனும் இறங்கினான், கண்ணாடியைத் துணியில் சுற்றிக்கொண்டு. வைஷாலி மட்டும் மூக்கைப் பிடித்தபடியே ஓடிவந்து, ஒரு பாட்டில் தண்ணீரைப் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஸாரி ஆன்ட்டி, என்னால நிக்க முடியல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கண்ணைத் திறந்ததும் இன்னாசி முதலில் கேட்டது, "எல்லாரும் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க" என்றாள் ஜெசிந்தா.

"அடுத்த வாரம் வருவாங்களா?"

"வரமாட்டாங்க."

அவர் கண்ணின் ஓரத்தில் தண்ணீர் இறங்கியது. ஜெசிந்தா அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு என்றாள், என்னைப் பார்த்து, வெறும் உப்பு அக்கா, என்றாள். அதற்குப் பிறகுதான் அவள் பாயில் விழுந்து அழுதாள்.

அவருக்கு இப்போது எல்லோரையும்போல்தான் வேர்க்கிறது. எடையும் அறுபத்தைந்துக்கு ஏறியிருக்கிறது. அந்த நாற்றம்தான் போகவில்லை. சீயக்காய், வேப்பெண்ணெய், கற்பூரம், எதற்கும் அசையவில்லை, வெயில் நாளில் கூடும், மழை நாளில் குறையும். பீர்க்கடையில் சேர்க்கவில்லை, ஊருக்கு வெளியே ஒரு இரும்புக் கிடங்கில் காவல் வேலை, அங்கே அவர் ஒருத்தர்தான். தெரு இதையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. முன்னே பழ ஈயை ஊதிக்கொண்டு ஏறினோம், இப்போது மூச்சை அடக்கிக்கொண்டு ஏறுகிறோம், அவ்வளவுதான். வேர்த்த காலத்தில் கைக்குட்டை கேட்டு வந்தவளும் கறைக்கு வழி சொன்னவளும் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறார்கள். என் மகன் இன்னும் ஒருமுறைகூட மேலே போய் அவரைப் பார்க்கவில்லை. நான் வற்புறுத்தவில்லை, தினமும் வேண்டிக்கொள்கிறேன். அவன் சங்கம் வேறு இடத்தில் நடக்கிறது, கசப்பா மணமா என்று இன்னும் தீரவில்லையாம்.

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். உயிர்ப்பு ஞாயிறு பூசையில் நான் அவர்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். அடுத்த ஞாயிறும் உட்கார்ந்தேன். மூன்றாவது ஞாயிறு, முழங்கால் வலிக்கிறது, காற்றோட்டமாக இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஜன்னலோர பெஞ்சுக்குப் போய்விட்டேன். அங்கிருந்து பார்த்தால் கடைசியிலிருந்து மூன்றாவது பெஞ்சில், எட்டுப் பேர் உட்காருகிற இடத்தில், புருஷனும் பெண்சாதியும் மட்டும் தெரிந்தார்கள். போன மாதம்தான் அவர்கள் பக்கத்துக்குத் திரும்பிப் போனேன்.

நீங்கள் எங்கள் கோயிலுக்கு ஏழரைப் பூசைக்கு வந்தால், அந்தப் பெஞ்சில்தான் இடம் இருக்கும், வேறெங்கும் இருக்காது. பக்கத்தில் உட்காருங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை, எல்லோராலும் முடியாது என்று எனக்கே தெரியும். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்வார் சாமியார். அப்போது மட்டும், மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பிக் கும்பிடுங்கள்.